கடற்கரையிற் கண்டெடுக்கும் உயிர்ச்சுவடுகள்

கடற்கரைக்குச் சென்றவர் வெறுங்கையுடன் வீடு திரும்புவது அரிது. சிறுவர் மடி நிறைய ஊரியும் சோகியும் பொறுக்குவர். பெரியவர்களோ ஒரு சங்கையாவது, அலை தேய்த்து வழவழப்பாக்கிய ஒரு கல்லையாவது கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, மனமில்லாமற் கீழே போடுவர். இவ்வாறு பொறுக்கப்படும் பொருள்களுள் எப்போதாவது ஒன்று வேறு வகையினதாக அமைந்துவிடும். பார்வைக்குச் சிப்பி, தூக்கினாற் கல். பார்வைக்குப் பல், தட்டினாற் கல்லின் ஓசை. இத்தகைய பொருளையே நம் பாடநூல்கள் உயிர்ச்சுவடு என்று வழங்குகின்றன. தமிழ்நாட்டார் அதனைப் புதைபடிவம் என்றும் தொல்லுயிர் எச்சம் என்றும் கூறுவர். பொசில் என்று ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதுவோரும் உளர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. அதனை இனங்காண்பது எவ்வாறு, இனங்கண்ட பின் அதனைக் கெடாமற் காப்பது எவ்வாறு என்பனவற்றை இன்று நேயர்களுடன் பேச விரும்புகின்றேன்.

நான் கலைப்பட்டதாரி, சரித்திரம் படித்தவன். பாறைகளைப் பற்றிப் பேச எனக்கென்ன உரிமை என்று சிலர் கேட்கலாம். என் ஊராகிய இறக்காமமும் கடற்கரையூர் அன்று. குளமும் வயலும் சூழ்ந்த ஊர். ஆயினும் விடுமுறை நாள்களில் நிந்தவூர்க் கரைக்கும் ஒலுவிற் கரைக்கும் அக்கரைப்பற்றுக் கரைக்கும் செல்லும் மாணவர், அடுத்த நாட் காலையில் அதிபரின் மேசைமேல் ஏதேனும் ஒரு கல்லை வைத்து, “சேர், இது எத்தனை வருசம்?” என்று கேட்பதுண்டு. அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது, இந்தத் துறை சரித்திரத்துக்கு அந்நியமானதன்று என்பது தெளிவாயிற்று. ஏடுகளையும் கல்வெட்டுக்களையும் ஆராய்வோர் கேட்கும் அதே கேள்விகளைத்தான் பாறைகளை ஆராய்வோரும் கேட்கின்றனர். இது எங்கே கிடைத்தது? எந்த நிலையிற் கிடைத்தது? இதனோடு வேறு என்ன கிடைத்தது?

முதலில் உயிர்ச்சுவடு என்பது யாதெனப் பார்ப்போம். இறந்த உயிரினம் ஒன்று சாதாரணமாக முழுவதும் அழிந்துபோகும். நாயும் நரியும் நண்டும் தின்றது போக எஞ்சியதைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தின்றுவிடும். ஆனால் இறந்தவுடன் அதன்மேற் சேறோ மணலோ விரைந்து படியுமாயின், காற்று அணுகாது, அழிவும் தாமதமாகும். அச்சேற்றின்மேல் மேலும் மேலும் படைகள் சேர்ந்து நெடுங்காலத்தில் இறுகிப் பாறையாகின்றன. அப்போது நிலத்தடி நீரிற் கரைந்துள்ள சுண்ணமும் சிலிக்காவும் இரும்பும் எலும்பின் நுண்டுளைகளிலும் சிப்பியின் உட்குழியிலும் புகுந்து தங்கிவிடுகின்றன. சில வேளைகளில் ஓடு முற்றாகக் கரைந்து போய், அது இருந்த இடம் அச்சுப் போல வெற்றிடமாக நிற்கும். அவ்வெற்றிடத்தில் வேறு கனியம் நிரம்பினால் வார்ப்படம் போன்ற உருவம் கிடைக்கும். எலும்பு, பல், ஓடு போன்ற வலிய உறுப்புக்களே பெரும்பாலும் எஞ்சுவதற்கும், சதையுடைய உறுப்புக்கள் மிக அரிதாகவே எஞ்சுவதற்கும் காரணம் இதுவே. பொதுவாகப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவற்றையே உயிர்ச்சுவடு என்ற பெயராற் குறிப்பது வழக்கம். அதற்குட்பட்ட வயதுடையவை முதிராத உயிர்ச்சுவடுகள் எனலாம்.

ஆகவே உயிர்ச்சுவட்டைத் தேடுவோன் முதலில் அறிய வேண்டியது பாறையின் பிறப்பை. இங்கே நம் மாவட்டத்தார்க்கு ஏமாற்றம் தரும் ஓர் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். இலங்கைத் தீவின் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நிலம், பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய மிகப் பழைய பளிங்குருப் பாறையால் ஆனது. கிழக்கிலங்கையின் பாறைகளை விசயன் தொகுதி எனப் புவிச்சரிதவியலார் வழங்குவர். அவற்றுட் பல 100 கோடி ஆண்டளவு பழமையுடையன. ஓடும் எலும்பும் கொண்ட உயிர்கள் உலகிலே தோன்றுமுன் உண்டான பாறையில் அவற்றின் சுவடுகளைத் தேடுவது வீண். வயல்வெளியின் நடுவே யானை படுத்தது போற் கிடக்கும் நம் பாறைகளை எத்தனை முறை உடைத்தாலும் அவற்றில் ஒரு நத்தையும் அகப்படாது. கல்முனை முதற் பொத்துவில் வரையுள்ள நம் மணற்கரையிற் கிடைப்பவற்றுட் பெரும்பாலானவை இன்றைய கடலின் ஓடுகளும், அண்மைக் காலத்து முருகைக்கற்களும், ஆறுகள் உள்நாட்டிலிருந்து கொணர்ந்த கூழாங்கற்களுமே.

அப்படியானால் இலங்கையில் உயிர்ச்சுவடுகளே இல்லையா? உண்டு. தீவின் விளிம்பிலே உண்டு. மயோசீன் என்று பெயர்பெற்ற காலம் இற்றைக்கு 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அக்காலத்தில் ஆழமற்ற வெப்பக் கடலொன்று இன்றைய யாழ்ப்பாணத்தின்மீதும் மன்னார் முதற் புத்தளம் வரையுள்ள கரைமீதும் பரந்திருந்தது. அதன் அடியிற் படிந்த ஓடுகளும் சுண்ணச் சேறுமே யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல். யாழ்ப்பாணத்தார் கிணற்றில் நீர் அள்ளும்போது, ஒரு பழங்கடலின் ஓட்டுக்குவியலுக்குள்ளிருந்தே அள்ளுகின்றனர். காங்கேசன்துறையில் 1950 ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை அரைத்ததும் அக்கல்லையே. அக்கல்லில் மலபாரிக்கா என்ற அடைபெயருடைய நுண்ணுயிரின் ஓடுகள் காணப்படுகின்றன. கேரளத்துக் கொல்லத்தை அடுத்த சுண்ணக்கல்லிலும் அதே ஓடுகள் உள. அரிசி மணியைப் போன்ற ஒரு சிறு பொருள், இரு நாட்டுக் கரைகளும் ஒரே காலத்துக் கடலின்கீழ்க் கிடந்தன என்பதற்குச் சாட்சி சொல்கின்றது.

புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டிலும் அதனை அடுத்த கரைத்தீவிலும் உள்ள மயோசீன் படைகள் மேலும் வளமுடையன. கரைத்தீவு என்றதும் கல்முனைக்குத் தெற்கேயுள்ள நம் காரைதீவை நேயர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது மேற்குக் கரையிலுள்ள வேறு ஊர். சுறாப் பற்களும், ஆவுளியா எனப்படும் கடற்பசுவின் இனத்தைச் சேர்ந்த விலங்குகளின் எலும்புகளும் அப்படைகளிற் கிடைத்துள்ளன. அருவக்காட்டுச் சுண்ணக்கல் சீமெந்துக்காக அகழப்படுகின்றது. அகழ்வதாலேயே பல எலும்புகள் வெளிப்பட்டன. அகழ்வதாலேயே பல அரைபட்டும் போயின. தமிழ்நாட்டு அரியலூரிலும் இதே கதைதான். அங்கே பத்துக் கோடி ஆண்டளவுக்கு முற்பட்ட கடலின் படைகளில், ஆட்டுக்கொம்பு போற் சுருண்ட அம்மோனைற்று ஓடுகள் ஏராளமாய்க் கிடைக்கின்றன. அக்கற்களைத் தேடிச் சென்றவர்கள் புவிச்சரிதவியலார் மட்டுமல்லர். சீமெந்துத் தொழிற்சாலைகளும் அவற்றையே தேடிச் சென்றன.

நமக்கு அண்மையிலுள்ளது மூன்றாவது இடம். குமணைக்குத் தெற்கே கும்புக்கன் ஓயாவைக் கடந்தால் யால வனத்தின் கரை தொடங்கும். அக்கரையில் மினிஹாகல்கந்தை என்ற மேடு கடலை நோக்கிச் செங்குத்தாய் அரிபட்டு நிற்கின்றது. தீவின் தென்கிழக்கிலே மயோசீன் படைகள் வெளித்தெரியும் இடம் இது. மழையும் அலையும் அரிக்க அரிக்க, அதன் படைகளிலிருந்து தடித்த சிப்பியோடுகள் வெளிப்படுகின்றன. இலங்கையின் கனியங்களை ஆராய வந்த ஈ. ஜே. வேலண்ட் என்பவர் மினிஹாகல்கந்தையையும் வடமேற்குக் கரையையும் நேரிற் கண்டு சேகரித்தவற்றைக் கொண்டு, ஏ. மோர்லி டேவிஸ் என்பவருடன் சேர்ந்து 1923 இல் இலங்கையின் மயோசீன் பற்றிய கட்டுரையை இலண்டனில் வெளியிட்டார். புத்தளத்துக்கு அண்மையிலுள்ள தப்போவையில், அதனினும் மிகப் பழைய யுராசிக் காலத்துத் தாவரச் சுவடுகள் கிடைத்த செய்தியும் அவராலேயே வெளிவந்தது.

மினிஹாகல்கந்தை தேசிய வனத்துக்குள் இருப்பதால் அங்கிருந்து ஒரு சிப்பியைத்தானும் எடுத்துவருதல் சட்டப்படி குற்றமாகும். அங்கே செல்வோர் கண்ணாற் கண்டு, படம் எடுத்து, இருந்தது இருந்தபடியே விட்டுவர வேண்டும்.

இனி இனங்காணும் முறைக்கு வருவோம். கரையிற் கிடைத்த பொருள் உயிரினத்தின் வடிவுடையதா, தற்செயலாய் அவ்வாறு தோன்றும் கல்லா என்பது முதற் கேள்வி. உயிரின் வடிவிலே ஓர் ஒழுங்கு உண்டு. மட்டியின் இரு ஓடுகளும் கண்ணாடியில் தெரியும் உருவம் போல ஒன்றையொன்று ஒத்திருக்கும். நத்தையின் சுருள் ஒரே விகிதத்தில் விரிந்து செல்லும். முட்கள் உதிர்ந்த கடல்முள்ளெலியின் ஓட்டில் ஐந்து கதிர்கள் பூவிதழ் போல விரியும். முருகைக்கல்லின் மேற்பரப்பில் நட்சத்திரம் போன்ற சிறு குழிகள் வரிசையாய் அமைந்திருக்கும். இத்தகைய ஒழுங்கு ஒன்றும் இல்லாமல், முட்டை போலவோ பாம்பின் தலை போலவோ தோன்றும் கல் பெரும்பாலும் கல்லே. இறுகிய மணலும் களியும் உருண்டை உருண்டையாய்த் திரண்டு முட்டைபோலாவது இயற்கையில் மிகுதியும் நிகழ்வது. பாறை வெடிப்பினுள் மங்கனீசுக் கனியம் பரவிப் பன்னத்தின் இலையைத் தத்ரூபமாய்ப் போல வரைந்துவைக்கும். அதனைக் கண்டு ஏமாறாதவர் சிலரே. இலைக்கு நடுநரம்பு உண்டு. கனியத்தின் கிளைகளுக்கு அது இல்லை.

வடிவு உயிரினத்தினதே என்று துணிந்தபின், அது இன்றையதா அன்றையதா என்று பார்க்க வேண்டும். இன்றைய சிப்பிக்கு நிறமும் மினுக்கமும் இருக்கும். உட்புறத்தில் முத்தொளி வீசும். கை நிறைய எடுத்தாலும் பாரம் தெரியாது. பழையதற்கு நிறம் மங்கி, ஒன்றில் வெண்சுண்ணாம்பு போலவோ, அல்லது பாறையின் மண்ணிறமாகவோ மாறியிருக்கும். உட்குழி கல்லால் நிரம்பியிருந்தால் ஐயம் பெரிதும் நீங்கும். ஓட்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் பாறைத் துண்டைச் சுரண்டி எறிந்துவிடக்கூடாது. ஓட்டைவிட அந்தத் துண்டே பல வேளைகளில் அதிகம் பேசும்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் ஐதான ஐதரோகுளோரிக்கமிலம் ஒரு துளி விட்டு, நுரைத்தால் உயிர்ச்சுவடு என்று முடிவு கட்டுவோர் உளர். அது தவறு. நேற்று இறந்த சிப்பியும் நுரைக்கும். சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பும் நுரைக்கும். பொருளிற் சுண்ணம் உண்டு என்பதற்கு மேலாக அத்துளி ஒன்றையும் கூறாது.

சுறாவின் பல் தனியே குறிப்பிடத்தக்கது. சுறாவின் உடற்கூடு கசியிழையத்தாலானதால் எளிதில் அழிந்துவிடும். ஆயின் அதன் வாயில் வரிசை வரிசையாகப் பற்கள் முளைத்து உதிர்ந்துகொண்டேயிருக்கும். ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கின்றது. ஆகவேதான் உலகெங்கும் கரைகளிற் கிடைக்கும் உயிர்ச்சுவடுகளுட் சுறாப் பற்கள் முன்னிற்கின்றன. கரைவலையில் அகப்பட்ட சுறாவின் பல் வெண்மையாய் இருக்கும். பழம் பல்லோ தான் கிடந்த படையின் கனியங்களை உறிஞ்சிச் சாம்பல் நிறமாகவோ கபிலமாகவோ கருமையாகவோ மாறிப்போயிருக்கும்.

எலும்பிலே கூடுதற் கவனம் வேண்டும். கரையிற் கிடைக்கும் எலும்பு பெரும்பாலும் மாட்டினதாகவோ ஆமையினதாகவோ ஓங்கிலினதாகவோ இருக்கும். பழுக்கக் காய்ச்சிய ஊசியை உடைந்த துணுக்கு ஒன்றில் வைத்தாற் புதிய எலும்பு மயிர் கருகும் நாற்றம் வீசும், கல்லாகியது வீசாது. இதனைப் பெரியோர் செய்தல் வேண்டும். சிறுவர் கையில் நெருப்பைக் கொடுத்தலாகாது. மனிதனுடைய எலும்பாக இருக்கலாமோ என்ற ஐயம் சிறிதளவு எழுந்தாலும் கைவைக்காது, இடத்தை அடையாளமிட்டுப் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும். 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள், இலங்கை மாவட்டங்களுள் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நம் மாவட்டம். தம்மவரைத் தேடிக் காணாத குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உள. இக்கரையிற் கிடைக்கும் எலும்பு எவருக்கும் விளையாட்டுப் பொருளன்று.

கடற்கரையிற் பொறுக்குவோர் பெரும்பாலும் கவனியாது விடுவது ஒன்றுண்டு. காணி உறுதியைக் கண்டவர்க்கு அது எளிதில் விளங்கும். உறுதியிலே விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், விலை எல்லாம் எழுதியிருந்தும், நான்கெல்லை எழுதப்படாதிருந்தால் அந்த உறுதியால் எந்தக் காணியையும் கோர முடியாது. கிடைத்த இடம் எழுதப்படாத உயிர்ச்சுவடும் அத்தகையதே. அலமாரியில் அழகாய் வீற்றிருக்கும்; எதனையும் நிரூபிக்காது. மாணவர் கேட்கும் “எத்தனை வருசம்” என்ற கேள்விக்கும் விடை கல்லினுள் மட்டும் இல்லை. அது கிடந்த படையிலேதான் பெரும்பாலும் உண்டு. கதிர்வீசும் காபனைக் கொண்டு வயது கணிக்கும் முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேற் செல்லாது. மயோசீன் காலத்துச் சிப்பிக்கு அம்முறை பயன்படாது. எந்தப் படையில், எந்த ஓடுகளுடன் சேர்ந்து கிடந்தது என்பதைக் கொண்டே அதன் காலத்தை அறிஞர் துணிகின்றனர்.

இடத்தைக் குறித்துவைத்ததனால் விளைந்த பயனுக்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்றுண்டு. இரத்தினபுரிப் பகுதியில் மாணிக்கம் தேடுவோர் வயலின் அடியிலுள்ள பரற்படை வரையும் குழி தோண்டுவர். அப்படையை அவர்கள் இல்லம் என்பர். மாணிக்கத்தோடு அதில் எலும்புத் துண்டுகளும் பற்களும் அகப்படுவதுண்டு. மாணிக்கம் தேடுவோனுக்கு அவை கழிவு. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக விளங்கிய பி. ஈ. பி. தெரணியகல அக்கழிவைச் செல்வமாகக் கருதி, பல ஆண்டுகள் சேகரித்து ஆராய்ந்தார். நீர்யானையும் காண்டாமிருகமும் இத்தீவில் ஒரு காலத்தில் வாழ்ந்தன என்பது அவ்வாறே வெளிப்பட்டது. குருவிட்டையிற் கிடைத்த இரண்டே இரண்டு பற்களைக் கொண்டு, ஈழத்திலே சிங்கமும் வாழ்ந்தது என்று அவர் 1939 இல் எழுதினார். அதற்கு முன் இந்நாட்டுச் சிங்கம் கதையிலும் கொடியிலும் மட்டுமே இருந்தது. குழியின் பெயரும் படையின் பெயரும் தெரியாமல் அந்தப் பற்கள் ஏதோவொரு கடைத்தெருவில் விலைக்கு வந்திருந்தால், வேற்று நாட்டிலிருந்து வணிகர் கொண்டுவந்தவை என்று ஒதுக்கிவிட எவராலும் முடிந்திருக்கும்.

இடமும் படையும் எத்துணை முக்கியமானவை என்பதற்கு மற்றொரு சான்று நம் நெஞ்சுக்கு இன்னும் அண்மையானது. அம்பாந்தோட்டைக்கு அருகிலுள்ள கரகன் களப்பின் அடிச்சேற்றில் ஆய்வாளர்கள் நீண்ட குழாய்களை இறக்கி, உள்ளிருந்த படைகளைக் குலையாமல் வெளியே எடுத்தனர். கரிய களப்புச் சேற்றின் நடுவே இடையிடையே கடல் மணற் படைகள் காணப்பட்டன. மேலே கிடந்தது 2004 ஆம் ஆண்டு கடற்கோள் கொண்டுவந்த மணல். கீழே கிடந்தவை அதற்கு முந்திய கடற்கோள்களின் மணல். ஏறத்தாழ 7000 ஆண்டுகளில் இக்கரையைக் கடல் பலமுறை ஏறியுள்ளது என்பதை 2014 இல் அவர்கள் வெளியிட்டனர். இரு கடற்கோள்களுக்கு இடைப்பட்ட காலம் ஒரே அளவினதன்று. பல நூற்றாண்டுகள் ஒன்றும் நிகழாதிருந்ததும் உண்டு. நம் மூதாதையர் எவரும் எழுதிவையாத செய்தி அது. கடல் பின்வாங்கியபோது மீன் பொறுக்க ஓடிய பிள்ளைகளுக்கு எவரும் சொல்லிக் கொடாத செய்தியும் அதுவே. அந்த மணலை ஒரு பிடி அள்ளிப் போத்தலில் அடைத்தால் அது வெறும் மணல். சேற்றின்மேலும் சேற்றின்கீழும் இருந்த நிலையிலேதான் அது சாட்சியாகின்றது. களப்போரத்திலோ ஆற்று வாயிலோ கிணறு வெட்டும்போது களிமண்ணுக்கு நடுவே வெண்மணற் கோடு ஒன்று தெரியுமாயின், அதன் ஆழத்தை அளந்து எழுதிப் படமெடுத்து வைப்பது எவராலும் ஆகக்கூடிய காரியம்.

எடுப்பதா விடுவதா என்பதில் எல்லா நாட்டுக்கும் ஒரே விதி பொருந்தாது. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் ரெஜிஸ் என்னும் சிற்றூரில் மேரி ஆனிங் என்ற ஏழைப் பெண் 1799 இற் பிறந்தாள். சரிந்து விழும் கரைமேட்டிற் சிப்பிக்கற்களைப் பொறுக்கி, கடலாட வருவோர்க்கு விற்று வாழ்ந்த குடும்பம் அது. 1811 இல் அவளுடைய தமையன் ஒரு பெரும் விலங்கின் தலையெலும்பைக் கண்டான். அடுத்த ஆண்டு மேரி அதன் உடலெலும்புகளைக் கண்டாள். மீன்போன்ற கடற்பல்லியாகிய இக்தியோசோர் அது. 1823 இல் நீண்ட கழுத்துடைய பிளீசியோசோரின் முழு உடற்கூட்டையும் அவளே கண்டெடுத்தாள். அவள் எடுத்திராவிட்டால் அடுத்த புயலில் அவை கடலுட் சிதறியிருக்கும். ஆகவே அலை அழிக்கும் இடத்தில் உதிர்ந்து கிடப்பதை எடுத்தல் காப்பாற்றுதலாகும். பாறையிற் பதிந்திருப்பதை உளியால் உடைத்தல் அவ்வாறன்று. காப்பு வனத்தில் எதனையும் எடுத்தல் குற்றம். முருகைக்கல்லைப் பொறுத்தவரை, கரையோர வலயத்தில் அதனை அகழ்வதும் சுண்ணாம்புச் சூளைக்குக் கொண்டுசெல்வதும் கடற்கரைப் பாதுகாப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டவை.

எடுக்கத்தக்கதை எடுப்பதாயின், எடுக்குமுன் அது கிடந்தவாறே படம் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்தால் அளவு தெரியும். இக்காலத்துக் கைத்தொலைபேசி இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் தானே காட்டும். அதனோடு, ஆற்று வாய், கலங்கரை விளக்கம் போன்ற நிலையான அடையாளத்திலிருந்து எத்தனை அடி தூரம், மணல்மேற் கிடந்ததா பாறையினுள் இருந்ததா, எந்த நாள், யார் எடுத்தது என்பனவற்றைப் பென்சிலால் எழுத வேண்டும். மையெழுத்து நனைந்தாற் கரைந்துவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியே பழைய செய்தித்தாளிற் சுற்றிக் கொண்டுவருதல் நன்று. எல்லாவற்றையும் ஒரே பையிற் கொட்டிவந்தால் வீடு சேர்வதற்குள் ஒன்று மற்றொன்றை உடைத்துவிடும்.

கடற்கரைப் பொருளுக்கு முதற் பகை உப்பு. கரையோர வீடுகளின் சுவர்ச் சாந்து பொருபொருவென்று உதிர்வதை நாம் காண்கிறோம். சுவரினுட் புகுந்த உப்பு நீர் வற்றும்போது உப்பு பளிங்காகிப் பருத்துச் சாந்தைப் பிளக்கின்றது. எலும்பிலும் ஓட்டிலும் இதுவே நிகழும். அன்று அழகாயிருந்த பொருள் ஆறு மாதத்தில் அலமாரியிலேயே மாவாகும். ஆகவே கடல் நீரில் நனைந்து கிடைத்த உறுதியான பொருளை நன்னீர் நிறைந்த வாளியில் இட்டு, நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். தடித்த எலும்பாயின் வாரக்கணக்கிற் செல்லலாம். உப்பு நீங்கிற்றா என்பதை அறிய, வாளி நீரிற் சிறிதை எடுத்து வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் இரண்டு துளி விடலாம். பால் போல வெளுத்தால் இன்னும் உப்புண்டு. நம் பகுதிக் கிணறுகள் சில தாமே உவர்ப்பானவை. ஆதலால் கிணற்று நீரையும் தனியே சோதித்து ஒப்பிட வேண்டும். இறுதிக் கழுவலுக்கு மழைநீர் சிறந்தது. நீரிலிட்டவுடன் கரையத் தொடங்கும் மென்மையான பொருளை உடனே வெளியே எடுத்துவிட்டு, அறிந்தவரிடம் காட்டும்வரை சும்மா வைத்திருத்தலே தக்கது.

உலர்த்துவது நிழலிலேதான். வெயிலிற் காயவைத்தால் மேற்புறம் விரைந்து சுருங்கி வெடிக்கும். மண்ணை நீக்க மென்மையான பற்றூரிகையும் மூங்கிற் குச்சியும் போதும், இரும்பூசி வேண்டாம். தேசிக்காய்ச் சாறும் வினாகிரியும் அழுக்கைப் போக்கும் என்று அவற்றில் ஊறவைப்போர், அழுக்கோடு சிப்பியையும் கரைத்து ஊற்றுகின்றனர். மினுக்கம் வேண்டி வாணிசும் தேங்காயெண்ணெயும் பூசுவதையும் கைவிட வேண்டும். எண்ணெய் தூசியைப் பிடிக்கும்; வாணிசு மஞ்சளித்து, உள்ளிருக்கும் ஈரத்தை அடைத்து வைக்கும். உதிரும் எலும்பை உறுதிப்படுத்த நூதனசாலையினர் பரலோயிட்டு என்னும் பிசினை அசிற்றோனில் மிக ஐதாகக் கரைத்து ஊறவிடுகின்றனர். வேண்டுமாயின் அதே அசிற்றோனால் அதனைப் பின்னர் நீக்கலாம் என்பதே அதன் சிறப்பு. கடைகளில் விற்கும் ஒட்டுப் பசைகளுக்கு அச்சிறப்பு இல்லை.

உலர்ந்த பொருளின் கண்ணிற்படாத பக்கத்தில் ஒரு சிறு எண்ணை எழுதி, அதே எண்ணைப் பெயர்ச்சீட்டிலும் ஒரு கொப்பியிலும் எழுத வேண்டும். சீட்டுத் தொலைந்தாலும் கொப்பி இருக்கும். உயிரினத்தின் பெயர் தெரியாவிட்டால் அவ்விடத்தை வெறுமையாய் விடலாம்; அதனை நாளை அறிஞர் ஒருவர் நிரப்புவார். கிடைத்த இடத்தை எழுதாது விட்டால் அதனை நிரப்ப எவராலும் இயலாது. பஞ்சு வைத்த சிறு பெட்டி, ஈரமற்ற இடம், எலியும் கறையானும் அணுகாத அலமாரி இவை இருந்தாற் போதும்.

பாறையோடு இறுகிய எலும்பு, பல், அல்லது ஒழுங்கான ஐங்கதிர் ஓடு போன்ற ஏதேனும் கிடைத்தால், பொருளை அனுப்புமுன் படத்தையும் குறிப்பையும் அனுப்பிக் கேட்டல் வேண்டும். கொழும்புத் தேசிய நூதனசாலையும், பேராதனைப் பல்கலைக்கழகத்துப் புவிச்சரிதவியற்றுறையும் அதற்குரிய இடங்கள். நம் மாவட்டத்தார்க்கு அண்மையில் ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் உண்டு. எங்கே காட்டுவது என்று அங்கேயும் கேட்டறியலாம். தேடிச் செல்வதற்கு வாடைக்காற்று ஓயும் காலமே ஏற்றது. மார்கழியிலும் தையிலும் கொந்தளிக்கும் கடல் கரை மணலை வாரிச் சென்று, அடியிலுள்ள கற்களை வெளிப்படுத்தும். சித்திரை பிறப்பதற்குள் கடல் அம்மணலைத் திரும்பக் கொண்டுவந்து மூடத் தொடங்கிவிடும். ஆகவே மாசி, பங்குனி நாள்களில், வற்று நேரத்தில், நீருக்கு முதுகு காட்டாமல் நடந்து பார்க்க வேண்டும்.